பிரஷர் நோட்டில் இன்னும் மூன்று எண்கள்

சென்னையின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷரும் சுகரும் பார்க்கும் மருத்துவ அலுவலர்களுக்கு, செவிலியர்களுக்கு, மருந்தாளுநர்களுக்கு, மாத்திரையோடு வீடு தேடிப் போகும் தன்னார்வலர்களுக்கு, இவர்களுக்கெல்லாம் மருந்தும் லேப் வசதியும் ஒதுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கும் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அதன் அருமை எங்களுக்குத் தெரியும். இந்த மடல் அதற்கு அடுத்த படியைப் பற்றியது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் யாருக்குச் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கிறது என்று தெரியாமலே மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறோம். டயாலிசிஸ் தேவைப்படும் நிலையில் முதல்முறை வருகிறவர் மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டும் நோட்டைப் பாருங்கள். ஐந்து வருஷத்து பிரஷர் அளவு தேதியோடு வரிசையாக இருக்கும். சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய தசைக் கழிவான கிரியாட்டினின் எங்கேயாவது ஓரிடத்தில் இருந்தால் உண்டு. யூரின் ஆல்புமின், அதாவது சிறுநீரில் கசியும் புரதத்தின் அளவு, அநேகமாக இருக்காது. பொட்டாசியம் என்ற சொல்லையே தேடவேண்டும். இந்த மூன்று எண்களையும் பிரஷருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், எழுதியதை வைத்து மாத்திரையை முடிவு செய்யுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலில் கிரியாட்டினின். 1.3 என்று வந்தால் “கொஞ்சம்தான் கூட” என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. 30 வயது ஆணுக்கு அந்த 1.3 வந்தால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021-இல் வந்த சி.கே.டி.-எப்பி சூத்திரப்படி அவருடைய ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு, சுமார் 76. அதே 1.3 ஒரு 62 வயது அம்மாவுக்கு வந்தால் 46. அந்த அம்மாவின் சிறுநீரகம் வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதியை இழந்துவிட்டது. லேப் தாளிலோ “நார்மலைவிடச் சற்று அதிகம்” என்று மட்டும்தான் இருக்கும். ஒல்லியான முதியவர்களுக்குத் தசை குறைவு என்பதால் கிரியாட்டினின் இன்னும் குறைவாகவே காட்டி ஏமாற்றும். வயதும் பாலினமும் பதிவிலேயே இருக்கின்றன. கிரியாட்டினின் அச்சாகும் இடத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். தானாக அச்சாகும்படி லேப் மென்பொருளில் ஒரு வரி சேர்த்தால் போதும், புது ரசாயனமோ புது இயந்திரமோ தேவையில்லை. 60-க்குக் கீழே வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் கீழேயே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். முதல் அளவே மிக மோசமாக இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, யூரின் ஆல்புமின். டிப்ஸ்டிக் என்ற சோதனைக் குச்சியைச் சிறுநீரில் நனைத்து “நில்” (எதுவும் இல்லை) என்று எழுதிவிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரின் நீர்த்த சிறுநீரில், கசியும் ஆல்புமின் அந்தக் குச்சிக்கு எட்டாது. அதனால்தான் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், ஏ.சி.ஆர்., வேண்டும் என்கிறோம். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்குள் ஆல்புமின் இருந்தால் பரவாயில்லை. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. 300-க்கு மேல் என்றால் வேகமாகக் கெடக்கூடிய சிறுநீரகம். இந்த நடு அளவைத்தான் டிப்ஸ்டிக் தவறவிடுகிறது, மாத்திரையால் அதிகம் காப்பாற்ற முடிவதும் அங்கேதான். காலை முதல் சிறுநீர் சிறந்தது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு நாட்களில் எடுக்க வேண்டாம். பிரஷரோ சுகரோ உள்ள ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். எல்லோருக்கும் ஏ.சி.ஆர். செய்ய வசதி வரும்வரை, சுகரும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர்களிலிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது எண்ணான பொட்டாசியம் மாத்திரையோடு சேர்ந்தது. அதனால் மாத்திரைக்கே வருகிறோம்.

ஆல்புமின் கசிகிறவருக்கு முதல் மருந்து டெல்மிசார்டன், லோசார்டன் வகையோ எனலாப்ரில், ராமிப்ரில் வகையோதான். அம்லோடிபின் பிரஷரை நன்றாக இறக்கும், விலையும் குறைவு, அதன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் தனியாகக் கொடுத்தால் ஆல்புமின் கசிவை அது நிறுத்தாது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பது முதலில் சொன்ன இரண்டு வகைகள்தாம். அந்தப் பாதுகாப்பும் முழு அளவில் கொடுத்தால்தான் முழுதாகக் கிடைக்கும். டெல்மிசார்டன் 20 மி.கி.யில் தொடங்கி, ஐந்து வருஷமாக 20-லேயே நிற்கிற நோட்டுகள் ஏராளம். தலைச்சுற்றல் இல்லை, பொட்டாசியம் சரியாக இருக்கிறது என்றால் 40, பிறகு 80 என்று ஏற்றுங்கள். லோசார்டன் என்றால் 50, பிறகு 100.

தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தே ஆகவேண்டும். வீட்டுக்கு மாத்திரை கொடுக்கும் திட்டத்தில் இந்தக் கண்ணி விட்டுப்போகிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிடுகிறது, ரத்தம் எடுக்க யாரும் வருவதில்லை. புதிதாக டெல்மிசார்டன் தொடங்கியவர்களின் பெயர்களை மட்டும் தனிப் பட்டியலாக வைத்து, மூன்றாம் வாரம் அவர்களைக் கூப்பிட்டு ஒரு டியூப் ரத்தம் எடுத்தால் இந்த ஓட்டை அடைபடும்.

ரிப்போர்ட் வந்ததும் நடக்கும் தவறு வேறு. கிரியாட்டினின் 1.5-லிருந்து 1.9-க்கு ஏறியிருந்தால் “மருந்து கிட்னியைக் கெடுக்கிறது” என்று உடனே நிறுத்திவிடுகிறார்கள். அது 27 சதவீத ஏற்றம். வடிகட்டியின் உள்ளழுத்தம் குறைந்ததன் அடையாளம் அது, மருந்து வேலை செய்கிறது. 30 சதவீதம் வரை பொறுக்கலாம். 1.5 என்பது 2.1 ஆகியிருந்தால் 40 சதவீதம், அப்போது காரணத்தைத் தேடவேண்டும். வயிற்றுப்போக்கு இருந்ததா, வலி மாத்திரை சாப்பிட்டாரா, நீர் மாத்திரை அதிகமா, இவை எதுவும் இல்லையென்றால் சிறுநீரகத் தமனியில் அடைப்பா என்று பாருங்கள். நோய் முற்றிய நிலையில் இந்த மருந்துகளை நிறுத்தினால் சிறுநீரகம் பிழைக்கும் என்ற பழைய நம்பிக்கையை 2022-இல் வந்த ஸ்டாப்-ஏ.சி.இ. ஆய்வு சோதித்துப் பார்த்தது. நிறுத்தியவர்களுக்கு ஈ.ஜி.எஃப்.ஆரில் எந்த லாபமும் இல்லை.

பொட்டாசியம் 5.5 வரை இருந்தால் மருந்தை நிறுத்தாமல் உணவையும் மற்ற மாத்திரைகளையும் திருத்துங்கள். 5.5-க்கு மேல் போனால் அளவைக் குறைத்து ஒரு வாரத்துக்குள் மறுபடி பாருங்கள். 6-ஐத் தாண்டினால் அன்றைக்கே இ.சி.ஜி. எடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இதில் ஒரு எச்சரிக்கை. காலை 8 மணிக்கு எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் மதியம் வரை பெட்டியில் கிடந்தால், சிவப்பணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து பொய்யாக ஏறிக் காட்டும். பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்தாலும் அப்படித்தான். நோயாளி தெம்பாக உட்கார்ந்திருக்கிறார், இ.சி.ஜி. சுத்தமாக இருக்கிறது, ரிப்போர்ட் மட்டும் 6.2 என்கிறது என்றால் ரத்தம் வந்த வழியையும் விசாரியுங்கள்.

டெல்மிசார்டன் வகையையும் எனலாப்ரில் வகையையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பது 2008-லும் 2013-லும் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு தீர்ந்துபோன விஷயம். டாக்டர்கள் யாரும் தெரிந்து கொடுப்பதில்லை. ஆனால் நோயாளி தானாகச் சேர்த்துக்கொள்கிறார். அரசு நிலையத்தில் வாங்கிய எனலாப்ரில் ஒரு பக்கம், பக்கத்துத் தெரு கிளினிக்கில் எழுதிக்கொடுத்த டெல்மிசார்டன் இன்னொரு பக்கம். ஒன்று வெள்ளை, இன்னொன்றுக்கு வேறு அட்டை, இரண்டும் “பிரஷர் மாத்திரை”. அதனால் மாதம் ஒருமுறையாவது பையைக் கவிழ்த்து மேஜையில் கொட்டச் சொல்லுங்கள். பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியாது, அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மருந்தாளுநர் ஒருவர் இரண்டு நிமிஷத்தில் செய்யக்கூடிய இந்த வேலை பல அட்மிஷன்களைத் தடுக்கும்.

பை கொட்டும்போது கூடவே விழுவது வலி மாத்திரை. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இடுப்புவலிக்கு அசிக்ளோஃபெனாக், பல்வலிக்கு ஐபுப்ரோஃபென். இவை உடம்பில் உப்பைத் தேக்கி பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். டெல்மிசார்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் நன்றாக இருந்த ஈ.ஜி.எஃப்.ஆர். சரிந்து விழும். மூன்று மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்கவில்லை என்றால், நான்காவதை எழுதுவதற்கு முன் “முட்டிவலிக்கு என்ன சாப்பிடறீங்க?” என்று கேளுங்கள். “மாத்திரை சாப்பிடறீங்களா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது ஊசியாகப் போயிருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பாராசிட்டமாலும் வேண்டாம், அந்த நுரைக்குப் பின்னால் இருப்பது சோடியம். சாதாரண பாராசிட்டமால் போதும்.

நீர் மாத்திரையில் ஒரு திருத்தம். ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. பெரும்பாலும் பேருக்குத்தான். அந்த நிலையிலும் குளோர்தாலிடோன் பிரஷரை இறக்கும் என்று 2021-இல் வந்த கிளிக் ஆய்வு காட்டியது. 12.5-லேயே தொடங்கி, சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்த்துக்கொண்டே ஏற்றவேண்டும். வீக்கம் அதிகமாக இருந்தால் ஃபுரோசமைடு. அதன் வேகம் சுமார் ஆறு மணி நேரத்தில் அடங்கிவிடும் என்பதால் காலை ஒன்று, மதியம் 2 மணிக்கு ஒன்று. இரவு கொடுத்தால் பாவம், தூக்கம் போய்விடும்.

அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறவரின் கணுக்கால் சாயங்காலம் வீங்கினால், அது மாத்திரையால் வந்த வீக்கமாக இருக்கலாம். அதைக் கிட்னி வீக்கம் என்று நினைத்து நீர் மாத்திரை சேர்ப்பதும், அதனால் தலைசுற்றி விழுவதும் நடக்கிறது. 5 மி.கி.க்குக் குறைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அட்டெனோலால் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. ஈ.ஜி.எஃப்.ஆர். குறையக் குறைய உடம்பில் தேங்கி நாடித்துடிப்பை இறக்கும். பழைய நோயாளிகள் பலர் அதையே தொடர்கிறார்கள், நாடி பிடித்துப் பாருங்கள். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு டெல்மிசார்டன், எனலாப்ரில் வகைகளை எழுதும்போது, கர்ப்பம் என்று சந்தேகம் வந்தாலே நிறுத்திவிட்டு வரவேண்டும் என்று வாயால் சொல்லி அனுப்புங்கள்.

அதிகாரிகளிடம் குறிப்பாக ஒரு மருந்தைக் கேட்கிறோம்: டாப்பாகிளிஃபுளோசின் 10 மி.கி. சுகர் இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் அது பயன்படும் என்று 2020-லேயே தெரிந்துவிட்டது. அதே வருஷம் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. பிரஷரைச் சிறிதளவுதான் குறைக்கும், ஆனால் சிறுநீரகம் கெடும் வேகத்தைத் தடுக்கும். ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கவேண்டும். பிறப்புறுப்பில் அரிப்பு, பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வெட்கப்பட்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள்.

இவ்வளவும் பிரஷரைச் சரியாக அளந்தால்தான். சில ரெஜிஸ்டர்களில் ஒரு பக்கம் முழுக்க 130/80, 140/90 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகவே இருக்கும். மனித உடம்பு அப்படிப் பூஜ்யம் பார்த்து ஓடுவதில்லை. கூட்டத்தில் ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் கிடைக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் எல்லோருக்கும் கேட்கவில்லை, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டுமாவது இதைச் செய்யுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அரைமணி நேரத்துக்குள் காபி, பீடி கூடாது. முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காரட்டும். கை மேஜைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும், தொங்கினால் அளவு கூடிக் காட்டும். புடவைத் தலைப்புக்கும் சட்டைக்கைக்கும் மேல் பட்டையைச் சுற்றாதீர்கள். மேற்கையின் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய பட்டை வேண்டும், சிறியதைக் கட்டினால் இல்லாத பிரஷர் வரும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்து சராசரி எழுதுங்கள். வயதானவர்களுக்கு எழுந்து நின்றபின் மூன்று நிமிஷத்துக்குள் இன்னொரு முறை. மேல் அளவு 20 இறங்கினால் மாத்திரையை ஏற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறையக் குழப்பம் செய்கிறது. “நாளைக்கு ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வாங்க” என்று சொல்கிறோம். அவரும் சொல்பேச்சுக் கேட்டு பிரஷர் மாத்திரையையும் போடாமல் வருகிறார். 170 காட்டுகிறது. அளவைக் கூட்டுகிறோம். மறுநாள் வீட்டில் கூட்டிய மாத்திரையைப் போட்டதும் மயங்கி விழுகிறார். வெறும் வயிறு என்றாலும் பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொண்டு வரலாம் என்று அதே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். சுகர் மாத்திரையைச் சாப்பிட்டபிறகு போடட்டும்.

எவ்வளவுக்கு இறக்குவது? சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டி அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ.வின் 2021 வழிகாட்டி மேல் அளவை 120-க்குக் கீழே என்கிறது. அந்த 120 மேலே சொன்ன முறைப்படி அளந்த 120 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவசரமாக அளந்த எண்ணை வைத்து 120-ஐத் துரத்தினால் முதியவர்கள் கீழே விழுவார்கள். எங்கள் கருத்தில், முதலில் எல்லோரையும் 130/80-க்குள் கொண்டுவருவோம். தலைசுற்றல் இல்லாமல் தாங்குகிறவர்களை 120-ஐ நோக்கி நகர்த்துவோம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அங்கே முதல் வேலை உடம்பில் தேங்கிய நீரை எடுப்பது. மாத்திரையைக் காலையில் போடுவதா இரவிலா என்று கேட்பார்கள். 2022-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் போட முடிகிற நேரம் எதுவோ அதுதான் நேரம்.

உப்பைப் பற்றி “குறைச்சுக்கோங்க” என்று சொல்லிப் பலனில்லை. எல்லோரும் ஏற்கெனவே குறைத்துவிட்டதாகத்தான் சொல்வார்கள். “ஒரு கிலோ உப்பு பாக்கெட் எத்தனை நாள் வருது? வீட்ல எத்தனை பேர்?” என்று கேளுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் அளவு. நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ 50 நாள் வரவேண்டும். 25 நாளில் தீர்ந்தால் இரண்டு மடங்கு. இதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், கடை பிரியாணி கணக்கில் இல்லை. உப்பு கூடினால் டெல்மிசார்டனின் பலனும் மங்கும், நீர் மாத்திரையின் வேலையும் வீணாகும். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், நிறம்தான் வேறு. அதைவிட ஆபத்து “லோ சோடியம்” உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கும், மற்றவர்களுக்கு நல்லதுதான். ஈ.ஜி.எஃப்.ஆர். குறைந்து, டெல்மிசார்டனும் சாப்பிடுகிறவருக்கு அது இதயத்தை நிறுத்தக்கூடிய பொருள். இளநீருக்கும் இதே கணக்கு. பொட்டாசியம் கூடியவர் கத்திரி வெயிலில் தினம் இரண்டு இளநீர் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பொட்டாசியம் சரியாக இருப்பவரிடம் கீரை, பழம் எல்லாவற்றையும் பறிக்காதீர்கள். நோட்டில் அந்த எண் இருந்தால்தானே யாருக்குத் தடை, யாருக்கு இல்லை என்று தெரியும்.

தன்னார்வலர்களுக்கு இரண்டே கேள்விகள்: வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கிறதா? புதிதாக வலி மாத்திரையோ ஊசியோ போட்டீர்களா? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால், அன்றே மருத்துவ அலுவலரிடம் போனில் சொல்லி, அவர் சொன்னபடி டெல்மிசார்டன், நீர் மாத்திரை, டாப்பாகிளிஃபுளோசின், மெட்ஃபார்மின் ஆகியவற்றை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, குடித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் திரும்பத் தொடங்கவேண்டும். நிறுத்தச் சொன்ன தேதியைப் போலவே தொடங்கச் சொன்ன தேதியையும் நோட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் நிறுத்தியபடியே இருப்பார்கள்.

சிறுநீரகப் பிரிவுக்கு எப்போது அனுப்புவது என்பதில் தாமதம்தான் பெரிய குறை. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தாலும், ஏ.சி.ஆர். 300-க்கு மேலேயே நின்றாலும், வருஷத்தில் ஈ.ஜி.எஃப்.ஆர். 5-க்கு மேல் சரிந்தாலும், நீர் மாத்திரை உட்பட மூன்று மருந்தில் பிரஷர் அடங்காவிட்டாலும், சிறுநீரில் ரத்தம் வந்தாலும் அனுப்புங்கள். 30 வயதுக்குள் பிரஷர் வந்தவருக்குச் சிறுநீரகமே காரணமாக இருக்கலாம், அவர்களையும் அனுப்புங்கள். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மூன்றிலும் சிறுநீரகப் பிரிவு இருக்கிறது. “ஹை கிரியாட்டினின், ரெஃபர்டு” என்று ஒரு வரி எழுதாமல், கடைசி மூன்று கிரியாட்டினினைத் தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஏறியதா மூன்று வருஷத்தில் ஏறியதா என்பதை வைத்துத்தான் அன்றைக்கு அட்மிஷனா ஓ.பி.யா என்று முடிவாகும்.

அப்படி அனுப்பும் நிலைக்கு வந்தவரின் நோட்டு அட்டையில் சிவப்பு மையால் ஒரு வரி வேண்டும்: “இடது கையில் ரத்தம் எடுக்கவோ ஊசி, டிரிப் போடவோ வேண்டாம்.” இடக்கைக்காரர் என்றால் வலது கை. நாளைக்கு டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்க, அந்தக் கையின் ரத்தக் குழாய்கள்தான் வேண்டும், முன்கையில் நான்கு முறை டிரிப் ஏறியபின் அவை அடைத்துப்போகின்றன. ஃபிஸ்டுலா போட்டபிறகு அந்தக் கையில் பிரஷர் பட்டையையும் சுற்றக் கூடாது.

மூன்று எண்களுக்கான கட்டத்தை அச்சடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்கேல் வைத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான்கு கோடு போட்டால் போதும். தேதி, ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.சி.ஆர்., பொட்டாசியம். அடுத்த கிளினிக் நாளில் சுகரும் பிரஷரும் சேர்ந்து இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
சென்னையில் சிறுநீரக நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், உணவியலாளர்கள் சிலர்